பத்து ஆண்டு பதினான்கு ஆனால்? மாநிலங்களின் தண்டனைத் திருத்த மசோதாக்கள் பற்றி

2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். பதினெட்டு நாள் கழித்து, 2025 ஜனவரி 10 அன்று, முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மத்திய அரசின் புதிய குற்றவியல் சட்டங்களைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்துவது. இன்னொன்று, 1998-ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை இறுக்குவது. மறுநாளே இரண்டும் நிறைவேறிவிட்டன.

வழக்கு என்ன ஆனது? சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 மே 28 அன்று குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று தண்டனையை அறிவித்தது: ஆயுள் சிறை, அதில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது, 90,000 ரூபாய் அபராதம். சம்பவத்திலிருந்து தண்டனை வரை ஐந்து மாதத்துக்குச் சற்று அதிகம். நம் ஊர் நீதிமன்றங்களின் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

இந்தத் தண்டனையில் அந்த மசோதாவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இருக்கவும் முடியாது. குற்றம் நடந்த நாளில் என்ன தண்டனை சட்டத்தில் இருந்ததோ அதைவிடக் கூடுதலாக யாருக்கும் தரக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(1)-ஆம் பிரிவு. எந்தச் சம்பவத்துக்காகச் சட்டம் திருத்தப்படுகிறதோ அந்தச் சம்பவத்தைத் திருத்தம் தொடவே தொடாது. பழைய சட்டம்தான் அந்த வழக்கை முடித்தது, அதுவும் ஆயுள் சிறையோடு.

சரி, அப்படியானால் மசோதா எதற்கு? அதில் உண்மையில் என்ன இருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 64-ஆம் பிரிவின்படி பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், அதிகபட்சம் ஆயுள். தமிழ்நாட்டு மசோதா அந்தப் பத்தைப் பதினான்கு ஆக்கியது. குற்றம் செய்தவர் காவல்துறையினர், அரசு ஊழியர், நெருங்கிய உறவினர் போன்றோராக இருந்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டு என்றது. மத்தியச் சட்டத்தில் அவர்களுக்கும் பத்துதான். கூட்டு வல்லுறவுக்கு 20 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று இருந்த இடத்தில், சாகும்வரை சிறை என்று ஒரே தண்டனையாக்கியது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமி மீதான குற்றத்துக்குச் சாகும்வரை சிறை அல்லது மரண தண்டனை. பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களுக்கும் தண்டனையைக் கூட்டியது.

கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் மேல்வரம்பு மாறவில்லை. முன்பும் ஆயுள் வரை தரலாம், இப்போதும் தரலாம். உயர்ந்தது கீழ்வரம்பு. அதாவது, மிகக் கொடிய குற்றவாளிக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, குறைவான பங்கு கொண்டவருக்கோ சிக்கலான வழக்கில் சிக்கியவருக்கோ எவ்வளவு குறைவாகத் தர முடியும் என்பதைத்தான் மசோதா மாற்றுகிறது. நீதிபதியின் கையைக் கட்டுகிற மாற்றம் இது. மேடையில் ‘கடும் தண்டனை’ என்று அறிவிக்கப்படுவது சட்டப் புத்தகத்தில் இந்த வடிவத்தில்தான் வந்து உட்காருகிறது.

மாநிலம் திருத்தலாமா?

திருத்தலாம். குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்பது 254-ஆம் பிரிவின் பொது விதி. ஆனால் அதே பிரிவில் ஒரு பக்கவாசல் இருக்கிறது. மாநில மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் மேலோங்கும்.

குடியரசுத் தலைவர் என்பது ஏட்டில். நடைமுறையில் அது மத்திய உள்துறை அமைச்சகம். கோப்பு அங்கே போகும், சட்டத்துறைக்குப் போகும், வேறு அமைச்சகங்களுக்கும் போகும், கேள்விகளோடு மாநிலத்துக்குத் திரும்பும், பதிலோடு மறுபடி போகும். இதற்குக் காலக்கெடு உண்டா? தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவரும் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் இது குறித்து உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. ஆக, காத்திருப்புக்குக் கடைசித் தேதி கிடையாது.

இதே தமிழ்நாட்டில் வேறொரு மசோதா எப்படி ஓடியது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூன் 29 அன்று மதுவிலக்குத் திருத்த மசோதா வந்தது: உயிரிழப்பு நேர்ந்தால் சாராயம் காய்ச்சி விற்றவருக்கு ஆயுள் கடுங்காவல், குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். அடுத்த மாதமே அது சட்டமாகிவிட்டது. காரணம் எளிது. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லிக்குப் போகத் தேவையில்லை, ஆளுநரின் கையெழுத்து போதும்.

மாநிலத் திருத்தம் என்றால் எப்போதும் நல்லதற்கு என்று நினைத்துவிடவும் வேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், உத்தரப் பிரதேசம் முன்ஜாமீன் பிரிவையே தன் மாநிலத்திலிருந்து தூக்கியது. அது திரும்பி வர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலத்தின் மக்கள் இரண்டு தலைமுறைக்கு அந்த உரிமை இல்லாமல் இருந்தார்கள்.

பெயர் வைத்த சட்டங்கள்

2019 நவம்பர் 27 அன்று ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத்தில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அன்று, பிடிபட்ட நான்கு பேரும் போலீஸ் என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 13 அன்று, குற்றம் நடந்த தெலங்கானா அல்ல, பக்கத்து மாநிலமான ஆந்திரப் பிரதேசம் ‘திஷா’ மசோதாவை நிறைவேற்றியது. ஏழு வேலைநாளில் புலன்விசாரணை, பதினான்கு வேலைநாளில் நீதிமன்ற விசாரணை, வல்லுறவுக்கு மரண தண்டனை.

ஏழு நாளில் புலன்விசாரணை என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனை, மரபணு மாதிரி எடுத்துத் தடயவியல் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குவது, செல்பேசி நிறுவனத்திடம் பதிவுகள் வாங்குவது, நீதிபதி முன்னால் வாக்குமூலம், சாட்சிகள். இவை எல்லாம் ஏழு நாளில் முடிந்தால், ஒழுங்காக முடிந்திருக்காது. மத்திய அரசின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் இந்தக் குற்றங்களுக்குப் புலன்விசாரணைக்கு இரண்டு மாதமும், குற்றப்பத்திரிகைக்குப் பிறகு விசாரணைக்கு இரண்டு மாதமும் தருகிறது. அந்தக் கெடுவையே பல மாவட்டங்களில் பிடிக்க முடிவதில்லை. திஷா மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவே இல்லை. அந்த என்கவுன்டர் பற்றி உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் அந்த நால்வரும் சுடப்பட்டார்கள் என்று கண்டது. அந்த அறிக்கை 2022-ல் வெளியானது. அதற்குள் என்கவுன்டரைக் கொண்டாடிய கூட்டம் கலைந்திருந்தது.

மகாராஷ்டிரம் 2020 டிசம்பரில் ‘சக்தி’ மசோதாவைக் கொண்டுவந்து, கூட்டுக் குழுவுக்கு அனுப்பி, ஓராண்டு கழித்து நிறைவேற்றியது. இந்த வரிசையில் கொஞ்சம் நிதானமாக யோசித்த மாநிலம் அதுதான். அதுவும் சட்டமாகவில்லை.

அப்புறம் மேற்கு வங்கம். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பணியில் இருந்த மருத்துவர் கொல்லப்பட்டார். செப்டம்பர் 3 அன்று ‘அபராஜிதா’ மசோதா ஒருமனதாக நிறைவேறியது. வல்லுறவால் பாதிக்கப்பட்டவர் இறந்தாலோ நினைவு திரும்பா நிலைக்குப் போனாலோ குற்றவாளிக்குக் கட்டாய மரண தண்டனை. வேறு தண்டனைக்கு இடமே இல்லை.

இங்கேதான் சட்டம் படித்த யாருக்கும் ஒரு வழக்கின் பெயர் ஞாபகம் வரும்: மிட்டு எதிர் பஞ்சாப் மாநிலம், 1983. ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவர் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. எந்தச் சூழ்நிலையில், எப்படிப்பட்டவர் அந்தக் குற்றத்தைச் செய்தார் என்று நீதிபதி பார்க்க வழியில்லாமல் உயிரை எடுப்பது நியாயமான நடைமுறை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மூன்று ஆண்டு முன்னால் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான’ என்ற அளவுகோல் வந்ததும் இதே அடிப்படையில்தான். நாற்பது ஆண்டு பழைய, எல்லோருக்கும் தெரிந்த சட்டநிலை இது. ஒரு மாநில அரசின் சட்டத்துறைக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. மசோதா நீதிமன்றத்தில் நிற்பதற்காக எழுதப்படவில்லை, அந்த வாரத்தைக் கடப்பதற்காக எழுதப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்டனை அளவு மிகக் கடுமையாக, பொருத்தமில்லாமல் இருக்கிறது என்ற மத்திய அரசின் ஆட்சேபங்களோடு ஆளுநர் 2025 ஜூலையில் அதை மாநில அரசுக்கே திருப்பி அனுப்பியதாகச் செய்திகள் வந்தன. அதே வழக்கில் சியால்டா நீதிமன்றம் 2025 ஜனவரியில், இது அரிதினும் அரிதான வழக்கு அல்ல என்று சொல்லி ஆயுள் தண்டனை தந்தது.

மாநில மசோதா எல்லாமே வீண் என்று சொல்லவும் முடியாது. 12 வயதும் அதற்குக் குறைந்த வயதுமான சிறுமிகளை வல்லுறவு செய்வோருக்கு மரண தண்டனை என்று 2017 டிசம்பரில் முதலில் மசோதா நிறைவேற்றியது மத்தியப் பிரதேசம். ராஜஸ்தானும் ஹரியானாவும் பின்தொடர்ந்தன. ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் ஒரு சிறுமி வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சம்பவம் வெளியில் வந்து நாடே கொதித்தபோது, 2018 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டமாக அதையே நாடு முழுமைக்கும் கொண்டுவந்தது. மாநில மசோதாக்களுக்கு உண்மையான பலன் ஏதாவது இருந்தால், இப்படி டெல்லியை நகர்த்துவதில்தான்.

ஏணி ஒரு பக்கம்தான் ஏறும்

தமிழ்நாட்டின் ‘பத்து, பதினான்கு’ மாற்றத்தைத் தனியாகப் பார்த்தால் ஒரு மாற்றம். வரிசையில் வைத்தால் வேறு மாதிரி தெரியும். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் காவல்நிலையத்துக்குள்ளேயே மதுரா என்ற பழங்குடிப் பெண் வல்லுறவுக்கு ஆளான வழக்கில் இரண்டு காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்ததால் எழுந்த போராட்டத்தின் விளைவாக, 1983-ல் குறைந்தபட்சம் 7 ஆண்டு வந்தது. தக்க காரணம் எழுதிவிட்டு நீதிபதி அதைக் குறைக்கலாம் என்றும் இருந்தது. 2012 டிசம்பர் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு, 2013-ல், அந்தச் சலுகை போனது. கூட்டு வல்லுறவுக்கு 20 ஆண்டு வந்தது. 2018-ல் 7 என்பது 10 ஆனது. 2025-ல் தமிழ்நாட்டு மசோதாவில் 14.

ஒவ்வொரு படிக்கும் ஒரு பெண்ணின் துயரம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம் நியாயமானது. ஆனால் முந்தைய படி ஏறியதால் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு அடுத்த படி ஏறியதாக எங்கும் தெரியவில்லை. 2013-ல் நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு நாடெங்கிலுமிருந்து கருத்துக் கேட்டு 29 நாளில் அறிக்கை தந்தது. வல்லுறவுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அது தெளிவாகச் சொன்னது. காவல்துறைச் சீர்திருத்தம் பற்றியும் மருத்துவப் பரிசோதனையில் பெண்ணை அவமதிக்கும் முறைகள் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியது. ஏணிக்கு உதவியவை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இப்போது ஓர் எண்ணைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி வல்லுறவு வழக்குகளில் தண்டனை விகிதம் 27.4 சதவீதம். விசாரணை முடிந்த 100 வழக்கில் 73 பேருக்குப் பத்தும் இல்லை, பதினான்கும் இல்லை, பூஜ்யம்தான். குறைந்தபட்சத்தை நான்கு ஆண்டு உயர்த்துவது மீதி 27 பேரைப் பற்றிய பேச்சு. புகாராகவே வராதவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

புகார் ஏன் வருவதில்லை? அதே காப்பகத்தின் கணக்கில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். தன் புகாரால் மாமனுக்குச் சாகும்வரை சிறை என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் சிறுமியின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. வழக்கு வந்தபின் சமரசம் பேசி, நீதிமன்றத்தில் ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சாட்சியை மாற்றுவதும் இங்கேதான் நடக்கிறது.

முகலிவாக்கமும் பொள்ளாச்சியும்

தமிழ்நாட்டில் இருந்தே இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும்.

2017 பிப்ரவரியில் சென்னை போரூர் அருகே முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஓராண்டில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்கு மரண தண்டனை தந்தது. அந்த ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வேகம், கடுமை இரண்டும் இருந்தன. திருத்த மசோதாக்கள் கனவு காண்கிற வழக்கு இதுதான் என்று சொல்லலாம். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுதலை செய்தது.

ஏன்? சந்தர்ப்ப சாட்சியங்களின் சங்கிலி முழுதாகவில்லை. முக்கியம் என்று சொல்லப்பட்ட கண்காணிப்பு கேமரா பதிவு நீதிமன்றத்துக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. தடயப் பொருள்கள் கைமாறிய விதத்தில் ஐயம் இருந்தது. தற்காப்பு வழக்கறிஞருக்கு வழக்கைப் படித்துத் தயாராகப் போதிய நாள் தரப்படவில்லை. தூக்கா ஆயுளா என்ற கேள்விக்குச் செய்ய வேண்டிய விசாரணை பேருக்குத்தான் நடந்தது. எட்டு ஆண்டு கழித்து அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. அந்த இளைஞர் செய்தாரா இல்லையா என்பதைக்கூட இனி உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அந்த வழக்குக்குக் குறையாக இருந்தது தண்டனையின் அளவு அல்ல. கேமரா பதிவை முதல் நாளே முறையாகக் கைப்பற்றும் ஒரு ஆய்வாளரும், வழக்குக் கட்டைப் படிக்க நேரம் கிடைத்த ஒரு வழக்கறிஞரும்தான்.

பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு இதற்கு நேர் எதிர். 2019-ல் வெளியில் வந்தது. தொடக்கத்தில் காவல்துறை அதிகாரியே பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்ட கேவலமும் நடந்தது. பிறகு சிபிஐக்குப் போனது. மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆறு ஆண்டு ஆயிற்று. ஆனால் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை தந்தபோது, ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்பதை அரசுத் தரப்பு பெருமையோடு சொல்ல முடிந்தது. மின்னணுச் சாட்சியங்கள் மீட்டெடுக்கப்பட்டு நின்றன. பெண்களின் பெயர் வெளியே வராமல் பாதுகாக்கப்பட்டது. இவை எதற்கும் புதிய தண்டனைப் பிரிவு தேவைப்படவில்லை.

அண்ணா பல்கலைக்கழக வழக்கும் அப்படித்தான். முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்து மாணவியின் விவரங்கள் ஊர் முழுக்கப் போய்விட்டன. 2024 டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. ஐந்து மாதத் தீர்ப்பின் கதை அந்த உத்தரவில் தொடங்குகிறது. மூன்று மூத்த அதிகாரிகள் ஒரே வழக்கை விடாமல் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். எல்லா வழக்குக்கும் மூன்று ஐபிஎஸ் அதிகாரிகளைப் போட முடியாது என்பது வேறு விஷயம்.

ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு?

டீக்கடையில் கேட்டால் பதினான்கு என்பார்கள். தவறு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் விடக் கூடாது என்பதுதான் நடைமுறைச் சட்டத்தில் இருப்பது. பதினான்கு என்பது வெளியே வரும் தேதி அல்ல, விடுதலை பற்றிப் பேச்சையே தொடங்கக்கூடிய முதல் தேதி. விடுவதா வேண்டாமா என்பது மாநில அரசின் முடிவு.

இதனால்தான் நீதிமன்றங்கள் ‘30 ஆண்டு குறைப்பில்லாமல்’ போன்ற இடைப்பட்ட தண்டனைகளைக் கண்டுபிடித்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த முறையை ஏற்றது. ஆனால் கூடவே ஒன்று சொன்னது: இப்படித் திருத்தி அமைத்த தண்டனையைத் தரும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே. அப்படியானால் விசாரணை நீதிமன்றம் தரும் ‘குறைப்பில்லாத 30 ஆண்டு’ மேல்முறையீட்டில் என்ன ஆகும் என்ற கேள்வி எழாமல் இருக்காது. மசோதா எழுதியவர்களுக்குச் சீர்திருத்தும் ஆசை இருந்திருந்தால், கீழமை நீதிபதிகளை உண்மையாகவே வாட்டுகிற இந்த இடத்தைத் தொட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டையும் இருக்கிறது. பத்து முதல் ஆயுள் வரை என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் ஒருவருக்குப் பன்னிரண்டும் இன்னொருவருக்கு இருபதும் ஏன் என்று கேட்டால் இந்தியச் சட்டத்தில் பதில் இல்லை. பக்கத்துப் பக்கத்து நீதிமன்றங்களில் ஒரே மாதிரிக் குற்றத்துக்கு வெவ்வேறு தண்டனை விழும். நீதிபதி மலிமத் குழு 2003-ல் தண்டனை வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றது. மாதவ மேனன் குழு 2008-ல் அதையே சொன்னது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், தண்டனைக் கொள்கை ஒன்றை உருவாக்குவது பற்றிப் பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய சட்டங்களிலும் அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2010 முதல் இதற்கென்றே ஒரு குழுமம் இயங்குகிறது. வழிகாட்டி இல்லாத இடத்தில் குறைந்தபட்சத்தை உயர்த்துவது என்பது அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுபவரிடம் பெரிய கத்தரிக்கோலைக் கொடுப்பது போல.

இந்தக் கத்தரிக்கோல் யார் மேல் விழும் என்பதற்கு ஓர் உதாரணம். பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்து வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். சாதி வேறு என்றால் கேட்கவே வேண்டாம். சட்டத்தின் கண்ணில் பெண்ணின் சம்மதம் சம்மதமே இல்லை, எனவே சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், வல்லுறவுப் பிரிவு. இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்துப் பார்த்துத்தான் 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி.பார்த்திபன், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டத்தைத் திருத்தலாம் என்று யோசனை சொன்னார். போக்சோவின் 42-ஆம் பிரிவின்படி இரண்டு சட்டத்தில் எதில் தண்டனை அதிகமோ அதுதான் பொருந்தும். ஆகவே பொதுச் சட்டத்தில் கீழ்வரம்பு உயர்ந்தால் அந்தப் பையனுக்கும் உயரும். குறைக்க நீதிபதிக்கு வழி இருக்காது. தண்டிக்க மனமில்லாத நீதிபதி வழக்கிலேயே ஓட்டை தேடுவார். அந்த ஓட்டைகள் பிறகு உண்மையான குற்றவாளிகளுக்கும் முன்னுதாரணமாகப் பயன்படும்.

டெல்லியைக் கேட்க வேண்டாத வேலைகள்

மாநில அரசின் கையில் இருப்பது என்ன என்று பார்த்தால் பட்டியல் நீளம். காவல்துறையும் சிறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அரசு வழக்கறிஞர்களை நியமிப்பது மாநில அரசு. தடயவியல் கூடங்களை நடத்துவதும் அதுதான். மத்தியச் சட்டமே மாநிலத்திடம் விட்டிருக்கும் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. சட்டமன்ற விவாதங்களில் அவற்றைப் பற்றி அதிகம் காதில் விழுவதில்லை.

ஒன்று, பிஎன்எஸ்எஸ் 398. சாட்சிகளைப் பாதுகாக்க ஒவ்வொரு மாநில அரசும் ஒரு திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. திட்டம் அறிவிக்க ஓர் அரசாணை போதும். ஆனால் அது அறிவிப்போடு நிற்கக் கூடாது. சாட்சி சொல்ல வரும் பெண்ணை ஊரிலிருந்து அழைத்துவர வண்டி, எதிரியின் ஆட்கள் நிற்காத தனி அறை, வழக்கு முடியும் வரை தங்க இடம், கூடவே ஒரு காவலர். ஒவ்வொன்றும் பணம் கேட்கும். பட்ஜெட்டில் இதற்கென ஒரு வரி இருக்க வேண்டும்.

இரண்டாவது, அதே சட்டத்தின் 176(3). ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். முகலிவாக்கம் போன்ற வழக்கில் எது இல்லாமல் போனதோ அது. இதை எந்த நாளிலிருந்து கட்டாயமாக்குவது என்பதை மாநில அரசே அறிவிக்கலாம் என்று சட்டம் ஐந்து ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. அவகாசம் முடிவது 2029 நடுவில். நிபுணர்களை வேலைக்கு எடுத்து, பயிற்சி கொடுத்து, தாலுகா அளவில் வண்டியும் கருவியும் தர அதற்குள் பணம் ஒதுக்க வேண்டும். இந்தத் தேதியைக் குறிக்க ஆளுநரின் கையெழுத்தும் தேவையில்லை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் தேவையில்லை.